திட்டில் தங்கப் போனோம்

மோட்டார் வண்டியில் குடும்பத்துடன் பிரயாணம் புறப்படும்போது முதலில் ஏறுகிறவர்கள் மனிதர்கள் அல்ல, சாமான்கள்தான். கூடாரம், கூடாரத்து முளைகள், முளை அடிக்க ஒரு சுத்தியல், பாய்கள், கொசுவலை, சிறிய வாயு அடுப்பு, அரிசி, பருப்பு, ஒரு ஜாடி புளிக்காய்ச்சல், 40 லிட்டர் குடிநீர், இரண்டு டார்ச் விளக்குகள் இவையெல்லாம் சௌகரியமாக ஏறி உட்கார்ந்த பிறகு, மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் ஐந்து பேரும் ஒருவாறு எங்களைச் சொருகிக்கொண்டோம்.

இந்த யாத்திரையின் சூத்திரதாரி என் மைத்துனன். "தீவு என்றால் அந்தமானும் இலங்கையுந்தானா, அத்தான்? சிதம்பரத்துக்குக் கிழக்கே ஐம்பதுக்கு மேல் திட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்கினால் என்ன?" என்று அவன் ஒரு நாள் கேட்டு வைத்தான். அது குழந்தைகளின் காதில் விழுந்துவிட்டது. அப்புறம் நான் தப்ப முடியுமா?

நாங்கள் புறப்பட்டது மாசி மாதத்து முதல் வாரம். ஐப்பசியும் கார்த்திகையும் இந்தக் கடற்கரைக்குப் புயல் மாதங்கள். மார்கழியையும் நம்ப முடியாது. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, தலைமுறை தலைமுறையாய் நின்ற பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் ஒரே நாளில் சாய்த்துவிட்டுப் போயிற்று. கடலூர் ஜில்லாக்காரர்களிடம் காற்றைப் பற்றி விளையாட்டாகப் பேசக்கூடாது.

குண்டு விழுந்த தூரம்

கடலூரில் முதலில் தேவனாம்பட்டினத்துக்குப் போனோம். கடற்கரை விசாலமானது, வெள்ளிக் கடற்கரை என்று அதற்குப் பெயர். ஆனால் எங்களை அங்கே இழுத்தது கடல் அல்ல. கெடில நதியின் கரையில் சிதைந்து கிடக்கும் ஸெயிண்ட் டேவிட் கோட்டையின் மிச்சம்.

இந்தக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690-ஆம் வருஷத்தில் செஞ்சியை ஆண்ட மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் ஒரு விசித்திரமான அளவுகோல் வைத்திருந்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எவ்வளவு தூரத்தில் போய் விழுகிறதோ அவ்வளவு தூரமும் கம்பெனிக்குச் சொந்தம்! சென்னையிலிருந்து கைதேர்ந்த பீரங்கிக்காரன் ஒருவனை இதற்கென்றே வரவழைத்தார்களாம். குண்டின் எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்னும் ஊர் இன்றைக்கும் அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

"பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகும், அப்பா?" என்று பையன் கேட்டான்.

"இந்தக் குண்டு கல்கத்தா வரைக்கும் போயிற்று!" என்றேன்.

அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது தென்னாட்டில் கம்பெனியின் தலைமை இடம் இந்தக் கோட்டைக்குத்தான் மாறியது. 1752 வரையில் இங்கேயே இருந்தது. 1756-இல் இக்கோட்டைக்கு அதிகாரியாக வந்து சேர்ந்தவன் ராபர்ட் கிளைவ். அவ்வருஷமே இங்கிருந்து வங்காளத்துக்கு அழைக்கப்பட்டான். மறு வருஷம் பிளாஸி யுத்தம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான். 

பீரங்கியால் வந்த ஆட்சியைப் பாட்டினால் எதிர்த்தவரும் கடலூரில் அடைபட்டிருந்தார். பத்து வருஷம் புதுச்சேரியில் அஞ்ஞாதவாசம் செய்த சுப்பிரமணிய பாரதியார், 1918-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் எல்லை தாண்டி வந்தபோது கைதானார். சுமார் மூன்று வாரங்கள் கடலூர்ச் சிறையில் இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார். கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாளையும் மறக்கலாகாது. 1927-இல் சென்னையில் நீல் துரையின் சிலையை அகற்றவேண்டுமென்று நடந்த சத்தியாக்கிரஹத்தில் சேர்ந்து சிறை சென்ற வீராங்கனை அவர். அந்தச் சிலை 1937-இல் ராஜாஜியின் மந்திரி சபைக் காலத்தில் அகற்றப்பட்டது. கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்து குழந்தைகளுக்கு இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் இட்டிலிப் பொட்டலம் காலியாகிவிட்டது.

தில்லை மரம் எங்கே?

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். வழியில் கிழக்கே திரும்பிப் பரங்கிப்பேட்டையையும் எட்டிப் பார்த்தோம். வெள்ளாறு கடலோடு கலக்கும் இடம் அது. 1781-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்று ஹைதர் அலியின் பெருஞ்சேனையும் ஸர் அயர் கூட்டின் படையும் மோதியது இந்த மணல் வெளியில்தான். பிறகு 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பு உருக்கும் ஆலை ஒன்று வைத்து நடத்தினார். உலைக்கு வேண்டியது கரி. கரிக்கு வேண்டியது காடு. ஆகவே ஆலை நடந்த நாளெல்லாம் மரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. இன்றைக்கு அந்த ஆலை இல்லை. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் அவ்வூரில் இருக்கிறது. இரும்பை விட்டு இறாலையும் நண்டையும் ஆராய்வது பரங்கிப்பேட்டைக்கு எவ்வளவோ க்ஷேமம்.

சிதம்பரத்தில் நடராஜப் பெருமானைத் தரிசித்துப் பிராகாரத்தை வலம் வரும்போது என் பெண் ஒரு கேள்வி போட்டாள். "தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அந்த மரம் எங்கே, அப்பா?"

நியாயமான கேள்வி. ஊருக்கே பெயர் கொடுத்த தில்லை மரத்தை இன்று ஊருக்குள் தேடினால் அகப்படாது. உப்புக் காற்றும் சேற்று நிலமும் அதற்கு வேண்டும். தில்லை வனம் ஒரு காலத்தில் கோயில் வரையில் பரவியிருந்தது என்பார்கள். இப்போது அது கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, பிச்சாவரத்துச் சதுப்பு வனத்தில் இருக்கிறது. "நாளைக் காலையில் காட்டுகிறேன், ஆனால் கிட்டே போய்த் தொடக் கூடாது" என்றேன். தில்லையின் கிளையை ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையே சிறிது காலம் மங்கிப்போகும்.

அன்று மாலை கிள்ளைக்கருகே அன்பர் ஒருவருடைய தென்னந்தோப்பில், அவர் அனுமதியின் பேரில், கூடாரம் அடித்தோம். சமையல் என் மனைவியுடையது, குறை சொல்லுவது என்னுடையது, சாப்பிடுவது எல்லோருடையதும். தோப்புக் காவற்காரர் திருவிழாவைப் பற்றிச் சொன்னார். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். வருகிற வழியில், தைக்காலில், முஸ்லிம் அன்பர்கள் கூடி நின்று பெருமாளுக்கு மரியாதை செய்து அனுப்புகிறார்கள். பெருமாள் தரப்பிலிருந்தும் தர்காவுக்கு மரியாதை உண்டு. ஒற்றுமையைப் பற்றி நாம் மேடைகளில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். கிள்ளைக்காரர்கள் பேசுவதில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை செய்து காட்டுகிறார்கள்.

வேர்களின் ராஜ்யம்

மறுநாள் விடியற்காலையில் துடுப்புப் படகில் சதுப்பு வனத்துக்குள் பிரவேசித்தோம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டின் முகத்துவாரங்களுக்கும் நடுவே 1,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் இந்த வனத்தில் தெருக்களெல்லாம் தண்ணீர், வீடுகளெல்லாம் மரம். இருபுறத்துக் கிளைகளும் மேலே கைகோத்துக்கொள்ளும் குறுகலான ஓடைகளில் படகு நுழையும்போது நாங்கள் ஐவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

சுரபுன்னை மரம் கிளைகளிலிருந்து வேர்களை விழுதுபோல் இறக்கிச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, பல கால்களால் நிற்கிறது. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காய்போல் தொங்கி, பிறகு விழுந்து சேற்றில் குத்திட்டு நிற்கிறது. பிள்ளையைத் தண்ணீரில் விடுவதற்கு முன் வளர்த்து விடுகிற தாய் என்றே சொல்லலாம். வெண்கண்டல் மரமோ நேர்மாறு. சேற்றுக்குள் காற்று இல்லாததால் அதன் வேர்கள் பென்ஸில் பென்ஸிலாக மேல்நோக்கிக் கிளம்பி மூச்சு விடுகின்றன. தண்ணீரோடு உட்கொண்ட உப்பை அது இலை வழியே வெளியேற்றுகிறது. பையன் ஓர் இலையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா! உன் ரஸத்தைவிட இதிலே உப்பு அதிகம்!" என்றான். அவன் தாயார் கேட்காதது போல் இருந்துவிட்டாள்.

இருளர் குடும்பங்கள் சில இடுப்பளவு ஜலத்தில் நின்று, வலையில்லாமல் வெறுங்கையால் இறால் தடவிக்கொண்டிருந்தன. பிடித்த இறாலைப் போடும் ஓலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் தில்லை மரங்கள் நின்றன. என் பெண் படகில் இருந்தபடியே கை கூப்பினாள்.

இவ்வளவு அழகான வனம் கொஞ்ச காலத்துக்கு முன்னே பாதி செத்துக் கிடந்தது என்றால் நம்ப முடிகிறதா? வெள்ளைக்கார ஆட்சியில் தொடங்கி 1970-கள் வரையில், பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டி விற்பதே இங்கே வழக்கமாயிருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்தது; சேறு காய்ந்து, சுருங்கி, பள்ளமாகிவிட்டது. அலையேற்றத்தில் உள்ளே வந்த நீர் திரும்பிப் போக வழியில்லாமல் பள்ளத்தில் தேங்கியது. ஜலம் ஆவியாகி உப்பு மட்டும் தங்கியது. அந்த உப்பில் கண்டல்கூட முளைக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையாரும் கிராமத்து ஜனங்களும் சேர்ந்து, மீன் முள்ளைப்போல் கிளை கிளையாகக் கால்வாய்கள் வெட்டிக் கடல் நீர் வந்து போகச் செய்தார்கள். பிறகு கன்றுகள் நட்டார்கள். வனம் மீண்டது. 2022-ஆம் வருஷத்தில் பிச்சாவரம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இறங்காத முளை

வனத்துக்குள் இரவு தங்க இடமில்லை. அது காப்புக் காடு. கடலோரத்து மணல் திட்டில் தங்கலாம் என்று மைத்துனன் யாரிடமோ கேட்டு வந்திருந்தான். அந்தத் திட்டுக்கு எம். ஜி. ஆர். திட்டு என்று பெயர். மத்தியானத்துக்கு மேல் மீனவப் பெரியவர் ஒருவருடைய படகைப் பேசிக்கொண்டோம். சாமான்களைப் பார்த்ததும் அவர், "இந்த மூட்டை எதுக்குங்க?" என்று கேட்டார்.

"கூடாரம், ஐயா. ராத்திரி திட்டிலே தங்கிவிட்டு நாளைக் காலையில் திரும்புவோம்" என்றான் மைத்துனன்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. மூட்டையை வாங்கி நனையாத இடமாகப் பார்த்து வைத்தார்.

திட்டு என்பது ஒரு பக்கம் உப்பங்கழியும் மறுபக்கம் வங்காள விரிகுடாவுமாக நடுவே நீண்டு கிடக்கும் மணல்மேடு. மனித சஞ்சாரம் இல்லை. நண்டுகள் எங்களைக் கண்டதும் வளைகளுக்குள் ஓடி ஒளிந்தன. குழந்தைகள் கிளிஞ்சல் பொறுக்க ஓடினார்கள். மைத்துனன் மேடான இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முளையை நட்டு, சுத்தியலால் ஓர் அடி அடித்தான். 'ணங்' என்றது. இன்னோர் இடத்தில் அடித்தான். அங்கேயும் 'ணங்'.

"மணலுக்குள் பாறையா?" என்று சொல்லிக்கொண்டே கையால் மணலை விலக்கினான். சிமிட்டித் தளம் தெரிந்தது. ஓரத்தில் செங்கல் வரிசை.

"அது வீட்டுத் தரைங்க" என்றார் பெரியவர்.

நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். அவர் மெதுவாகச் சொன்னார்: "இங்கே ஊர் இருந்துச்சுங்க. எங்க ஊர்தான். சுனாமியிலே போயிடுச்சு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நான் கழியிலே அந்தாண்ட வலை இழுத்துக்கிட்டு இருந்தேன். திரும்பி வந்தா ஊரைக் காணலே. எங்கம்மாவை மூணாம் நாள்தான் பார்த்தேன்."

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி. கடலூர் ஜில்லாவில் மட்டும் அன்று சுமார் 600 பேர் மாண்டார்கள். எம். ஜி. ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு, முழுக்குத்துறை ஆகிய இவ்வூர்கள் மணல் திட்டிலும் கடலோரத்திலும் இருந்தபடியால் அலையை நேருக்கு நேர் ஏற்றன. சதுப்பு வனத்துக்குப் பின்னால் இருந்த முடசலோடை முதலிய குப்பங்களுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் அவ்வளவு சேதமில்லை. அலை மரக்கூட்டத்துக்குள் புகுந்து, வேர்களிடையே வேகம் இழந்து, ஓடைகளில் பிரிந்து போய்விட்டது. கடலூர்க் கரையில் அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் குறைவாகவே சேதப்பட்டன என்று 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் கூறியது. கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பவையும் காரணம் என்று வேறு அறிஞர்கள் வாதித்தார்கள். அதுவும் சரியாயிருக்கலாம். முதல் நாள் பரங்கிப்பேட்டையில் கரி சுட்டு அழித்த காடுகளைப் பற்றிப் பேசியபோது எனக்கு அது பழைய கதையாகத்தான் இருந்தது. அந்தச் சிமிட்டித் தரையின்மீது நின்றபோது அப்படித் தோன்றவில்லை.

"நாங்கள் இங்கே தங்குவது உங்களுக்கு வருத்தமாயிருக்குமா, ஐயா?" என்று என் மனைவி கேட்டாள்.

"அதெல்லாம் இல்லேம்மா. நல்லாத் தங்குங்க. காத்து நல்லா வரும். நான் படகிலேயே உட்கார்ந்திருக்கேன்."

"நீங்கள் ஏன் இருக்க வேண்டும்? வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வந்தால் போதுமே?" என்றான் மைத்துனன்.

பெரியவர் கிளிஞ்சல் பொறுக்கும் குழந்தைகளைப் பார்த்தார். "புள்ளைங்களை இங்கே ராத்திரி விட்டுட்டு நான் போய் அங்கே படுத்தா தூக்கம் வருமாங்க? இந்த மணல்லே நான் ஒரு ராத்திரியும் தங்கினதில்லே, அதுக்கப்புறம். பரவாயில்லே, இன்னைக்கு முழிச்சிருக்கேன்."

எங்களை யாரும் தடுக்கவில்லை. அலைகள் சாந்தமாயிருந்தன, மேகமில்லாத வானம், ஆறு மாதமாகக் குழந்தைகள் காத்திருந்த இரவு. நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் முகத்தில் சுத்தியல் அடி தன் கைமேலேயே விழுந்தது போன்ற ஒரு பாவம் இருந்தது. பிறகு யாரும் சொல்லாமலே அவன் முளைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, "ஏன் மாமா, தங்கவில்லையா?" என்று கேட்டான்.

"இது ஒருத்தர் வீடு, தம்பி. அவர்கள் இல்லாதபோது நாம் படுக்கலாமா?" என்றான் மைத்துனன்.

பையன் சற்று யோசித்துவிட்டு, விலக்கிய மணலை இரண்டு கையாலும் தள்ளித் தரையைப் பழையபடி மூடினான்.

திரும்பும்போது பெரியவர் கூலியில் பாதிதான் வாங்கிக்கொள்வேன் என்று பிடிவாதம் செய்தார். இரவு தங்கவில்லையாம், அதனால் பாதிதான் நியாயமாம். கடைசியில் அவர் முழுக் கூலியை வாங்கிக்கொள்ளுவது, அதற்கு ஈடாக எங்கள் தோப்புக்கு வந்து சாப்பிடுவது என்று ராஜியாயிற்று. வந்தார், வெறுங்கையோடு வரவில்லை. பேரனையும் ஒரு படி இறாலையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேரனும் என் மக்களும் கூடாரத்துக்குள் டார்ச் விளக்கை ஏற்றி அணைத்து அமர்க்களம் செய்தார்கள். பெரியவர் கூடாரத்துத் துணியைத் தடவிப் பார்த்து, "நல்ல துணிதான். மழைக்குத் தாங்கும்" என்று அத்தாட்சி கொடுத்தார்.

அங்கே போக விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள்: தை, மாசி, பங்குனி மாதங்களே உத்தமம். விடியற்காலைப் படகே சிறந்தது. வெயில் ஏறிவிட்டால் தண்ணீரிலிருந்து கண் கூசும். கொசுவலையும் குடிநீரும் கட்டாயம் வேண்டும். கூடாரத்தைக் கரையில், உரியவரிடம் கேட்டு, தோப்பு நிழலில் அடியுங்கள். கொண்டுபோன காகிதத்தையும் புட்டியையும் திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். வேர்கள் மூச்சு விடும் இடம் அது. தில்லை மரத்தைத் தொடாமல் கும்பிடுங்கள். எம். ஜி. ஆர். திட்டுக்கும் அவசியம் போய் வாருங்கள். ஆனால் அஸ்தமிப்பதற்குள் திரும்பிவிடுங்கள். உங்களுக்காக ஒருவர் கண் விழிக்க வேண்டியிராது.